ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கான ஜூம் ஐபீஸ்: தேர்வு முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

முக்காலியில் பொருத்தித் தொலைவிலுள்ளவற்றைப் பார்க்க உதவும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியே ஸ்பாட்டிங் ஸ்கோப். அதை வாங்க நினைப்பவர் முதலில் விசாரிப்பது முன்புற லென்ஸ் 65 மி.மீ.யா, 80 மி.மீ.யா என்பதைத்தான். அது தேவையான கேள்வியே. ஆயினும் கரையோரம் நின்று மணிக்கணக்கில் பறவைகளைப் பார்க்கும்போது காட்சி எவ்வளவு அகலமாக விரிகிறது, கண் எவ்வளவு எளிதாக அதில் நிலைகொள்கிறது, நீர்க்கோட்டில் ஓடும் சிறு பறவையைத் தவறவிடாமல் பின்தொடர முடிகிறதா என்பவற்றைப் பெரிதும் தீர்மானிப்பது பின்புறத்தில் நாம் கண்ணை வைக்கும் ஐபீஸ்தான். பலர் அதை ஸ்கோப்புடன் கூடவே வரும் உதிரிப் பொருளாகக் கருதி, அதைப் பற்றி எதுவும் கேட்காமலேயே வாங்கிவிடுகிறார்கள்.

இந்த வழிகாட்டி பறவை நோக்குவோருக்காக, குறிப்பாகக் கோடியக்கரை உப்பளங்கள், பழவேற்காடு ஏரி, பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் போன்ற திறந்த வெளிகளில் கரைப்பறவைகளைப் பார்ப்போருக்காக எழுதப்படுகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் ஜூம் ஐபீஸை, அதன் குறைந்த உருப்பெருக்கத்தில் கிடைக்கும் பார்வைப் புலத்தை, அதாவது ஒரே நேரத்தில் தெரியும் காட்சியின் அகலத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிக உருப்பெருக்கத்தை ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடை தேடும் நேரத்தில் மட்டும் பயன்படுத்த வேண்டும். பின்வரும் படிகள் அனைத்தும் இந்த முடிவை ஒட்டியே அமைந்துள்ளன.

தொடங்கும் முன்: ஐபீஸுக்குள் நடப்பது என்ன

ஸ்கோப்பின் முன்புற லென்ஸ் தொலைவிலுள்ள பொருளின் பிம்பத்தைக் குழாயின் உள்ளே உருவாக்குகிறது. அந்தப் பிம்பத்தைப் பெரிதாக்கிக் கண்ணுக்குத் தருவது ஐபீஸ். முன்புற லென்ஸின் குவியத் தொலைவை ஐபீஸின் குவியத் தொலைவால் வகுத்தால் கிடைப்பதே உருப்பெருக்கம். 480 மி.மீ. குவியத் தொலைவுள்ள ஸ்கோப்பில் 24 மி.மீ. ஐபீஸ் 20 மடங்கும், 8 மி.மீ. ஐபீஸ் 60 மடங்கும் தரும். ஜூம் ஐபீஸில் இந்த 24 முதல் 8 மி.மீ. வரையிலான அளவுகள் அனைத்தும் ஒரே குழாயில் அடங்கியுள்ளன. வளையத்தைத் திருப்பும்போது உள்ளே லென்ஸ் தொகுதிகள் சுருள் பள்ளங்களின் வழியே நகர்ந்து ஒன்றையொன்று நெருங்கவோ விலகவோ செய்கின்றன. அதனால் ஐபீஸின் குவியத் தொலைவு தொடர்ச்சியாக மாறுகிறது.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. சாதாரண ஜூம் ஐபீஸ்களில், குறைந்த உருப்பெருக்கத்தில் காட்சி ஒரு குறுகிய வட்டமாகச் சுருங்கித் தெரியும். வளையத்தைத் திருப்பத் திருப்ப அந்த வட்டம் கண்ணுக்கு விரிந்துகொண்டே போகும். பொதுவாக 20 மடங்கில் கண்ணுக்குத் தோன்றும் கோணம் சுமார் 40 பாகையாகவும், 60 மடங்கில் சுமார் 60 பாகையாகவும் இருக்கும். இவற்றை உருப்பெருக்கத்தால் வகுத்தால் உண்மையான பார்வைப் புலம் கிடைக்கும்: 20 மடங்கில் 2 பாகை, 60 மடங்கில் 1 பாகை. 1000 மீட்டர் தொலைவில் இது முறையே ஏறத்தாழ 35 மீட்டர், 17 மீட்டர் அகலமாகும். இதே ஸ்கோப்பில் 70 பாகை தோற்றக் கோணமுள்ள, ஜூம் இல்லாத 30 மடங்கு ஐபீஸைப் பொருத்தினால் 40 மீட்டர் அகலம் கிடைக்கும். அதாவது, உருப்பெருக்கம் ஒன்றரை மடங்கு கூடியும், தெரியும் பரப்பு ஜூமின் 20 மடங்கை விட அகலமாகவே இருக்கிறது. அனுபவமுள்ள பறவை நோக்குநர் பலர் நெடுங்காலம் 30 மடங்கு நிலை ஐபீஸையே விரும்பியதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, ஒளி. முன்புற லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிவட்டத்தின் விட்டம் தெரியும். 80 மி.மீ. ஸ்கோப்பில் 20 மடங்கில் அது 4 மி.மீ.; 60 மடங்கில் 1.3 மி.மீ. சூரியன் இல்லாத பக்கமாக, வெளிச்சமான வானத்தை நோக்கி ஸ்கோப்பைத் திருப்பி, ஐபீஸிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று பாருங்கள். கண்ணாடியின் நடுவே ஒரு சிறு வெண்வட்டம் மிதப்பது போலத் தெரியும். வளையத்தைத் திருப்பினால் அது கடுகளவுக்குச் சுருங்குவதைக் கண்ணாலேயே காணலாம். கண்ணுக்குள் போகும் ஒளி முழுவதும் அந்த வட்டத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். 20 மடங்கிலிருந்து 60 மடங்குக்குப் போகும்போது உருவத்தின் பிரகாசம் கணக்கின்படி ஒன்பதில் ஒரு பங்காகக் குறையக்கூடும். பட்டப்பகலில் நம் கண்மணியே 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருப்பதால் வேறுபாடு அவ்வளவாக உறைக்காது. விடியற்காலையிலும் அந்தி மயங்கும் நேரத்திலும் அது தெளிவாகத் தெரியும்.

படி 1: உங்கள் ஸ்கோப் எந்த வகை ஐபீஸை ஏற்கும் என்று அறிதல்

ஐபீஸ் வாங்கும் முன் ஸ்கோப்பின் பின்புறத்தைக் கவனியுங்கள். விலை குறைந்த ஸ்கோப்புகள் பலவற்றில் ஜூம் ஐபீஸ் உடலோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதைக் கழற்ற முடியாது, கழற்ற முயலவும் கூடாது. நடுத்தர, உயர்தர ஸ்கோப்புகளில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உரிய தனித்த திருகுப் பூட்டு அமைப்பு இருக்கும். கோவா ஐபீஸ் நிக்கான் ஸ்கோப்பில் பொருந்தாது. ஒரே நிறுவனத்திலும் பழைய வரிசையின் ஐபீஸ் புதிய வரிசையில் பொருந்தாமல் போவதுண்டு. ஆகவே ஐபீஸின் பெயரை மட்டும் பார்க்காமல், அது எந்தெந்த ஸ்கோப் மாதிரிகளுக்கு உரியது என்ற பட்டியலையும் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும். ஸ்வரோவ்ஸ்கியின் ஏ.டி.எக்ஸ். வரிசை இதற்கு நேரெதிரான வழியில் அமைந்தது. அதில் ஐபீஸும் முப்பட்டகமும் ஒரே தொகுதியாக இருக்கும். முன்புறப் பகுதியைத்தான் 65, 85, 95, 115 மி.மீ. என மாற்றிக்கொள்ள வேண்டும். 65, 85 மி.மீ. முன்புறங்களுடன் 25–60 மடங்கு தரும் அதே தொகுதி, 95, 115 மி.மீ. முன்புறங்களுடன் 30–70 மடங்கு தரும்.

இதிலிருந்து இன்னொரு செய்தியும் தெளிவாகிறது. உருப்பெருக்கம் என்பது ஐபீஸுக்கு மட்டும் உரிய எண்ணாக இருப்பதில்லை. பொருத்தப்படும் ஸ்கோப்பைப் பொறுத்து அது மாறும். நிக்கானின் பழைய ஃபீல்ட்ஸ்கோப் வரிசையில் 60 மி.மீ. ஸ்கோப்புக்கு 20–60 மடங்கு தந்த ஜூம், 82 மி.மீ. ஸ்கோப்பில் 25–75 மடங்கு தந்தது. பயன்படுத்திய ஐபீஸை இன்னொருவரிடமிருந்து வாங்குவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது வகை, வானியல் தொலைநோக்கிகளுக்கு உரிய 1.25 அங்குல ஐபீஸ்களை ஏற்கும் ஸ்கோப்புகள். பென்டாக்ஸின் பி.எஃப். வரிசை, செலஸ்ட்ரானின் ரீகல் வரிசை ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை வைத்திருப்போருக்குத் தேர்வு மிகவும் விரிவானது. பாடர் ஹைபீரியன் 8–24 மி.மீ. போன்ற நல்ல ஜூம் ஐபீஸ்களையும் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சில ஐபீஸ்களின் குழாய் நீளமாக இருப்பதால், முழுவதும் உள்ளே தள்ளும்போது ஸ்கோப்பின் முப்பட்டகக் கண்ணாடியில் போய் இடிக்கக்கூடும். முதன்முறை பொருத்தும்போது மிக மெதுவாக நுழைத்து, தடை தெரிந்த கணத்திலேயே நிறுத்த வேண்டும். சில ஐபீஸ்கள் பொருந்தினாலும், மிகத் தொலைவிலுள்ள பொருள்கள் குவியத்துக்கு வராது. நிலவையோ அடிவான மரத்தையோ பார்த்து இதை உறுதி செய்துகொண்ட பிறகே வாங்குங்கள். வானியல் ஐபீஸ்கள் பலவற்றில் நீர்க்காப்பு இல்லை என்பதையும் மழைக்கால நோக்குநர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

படி 2: வீச்சையும் அகலத்தையும் தேர்ந்தெடுத்தல்

20–60 மடங்கு என்பதே மிகப் பரவலான வீச்சு. ஒன்றுக்கு மூன்று என்ற இந்த அகன்ற வீச்சைக் குறைந்த விலையில் தர வேண்டுமானால், மேலே சொன்னபடி தாழ்முனையில் (குறைந்த உருப்பெருக்கத்தில்) பார்வைப் புலம் குறுகிவிடும். 25–50 அல்லது 25–60 மடங்கு அகலப்புல ஜூம்கள் இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்துள்ளன. 25 மடங்கிலேயே 60 பாகை தோற்றக் கோணம் கிடைப்பதால், 1000 மீட்டரில் 40 மீட்டருக்கும் சற்று மேலான அகலம் தெரிகிறது. விலை கூடுதல்தான், ஆயினும் இரண்டு ஐபீஸ்கள் வாங்கும் செலவையும், உப்புக்காற்றில் நின்று அவற்றை மாற்றி மாற்றிப் பொருத்தும் தொல்லையையும் எண்ணினால், அகலப்புல ஜூம் ஒன்றை வாங்குவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. அந்த விலைக்கு வழியில்லாதவர் 30 மடங்கு நிலை ஐபீஸ் ஒன்றுடன் தொடங்குவது, மலிவான 20–60 ஜூமுடன் தொடங்குவதை விடச் சிறந்தது.

மேல்முனையில் 60 மடங்குக்கு அப்பால் ஆசைப்பட வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. 80 மி.மீ. லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ 1.5 விகலை (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு ஒரு விகலை). நல்ல கண் தானாகப் பிரித்தறியும் அளவு சுமார் 60 விகலை. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 40 மடங்கிலேயே லென்ஸ் காட்டும் நுணுக்கம் அனைத்தும் கண்ணுக்கு எட்டிவிடுகிறது. 60 மடங்கு அதைக் கண்ணுக்குச் சிரமமில்லாமல் காட்டுகிறது. அதற்கு மேல் போனால் உருவம் பெரிதாகும், ஆனால் புதிதாக எதுவும் தெரியாது. 50 அல்லது 60 மி.மீ. பயண ஸ்கோப் வைத்திருப்பவருக்கு இந்த எல்லை இன்னும் கீழேயே வந்துவிடும்; அவருக்கு 15–45 மடங்கு வீச்சு போதும்.

கண்ணாடி அணிபவர்கள் வேறு எந்த எண்ணைப் பார்க்காவிட்டாலும் ஓர் எண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முழுக் காட்சியும் தெரிவதற்குக் கண் ஐபீஸின் கடைசி லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பதே அது. மூக்குக்கண்ணாடியோடு பார்க்க 17 மி.மீ.யாவது இருந்தால் நல்லது. ஜூம் ஐபீஸ்களில் இந்தத் தூரம் வளையத்தைத் திருப்பும்போது மாறிக்கொண்டே இருக்கும். இரு முனைகளில் கிடைக்கும் தூரத்தை மட்டும் அறிந்துகொண்டு, நடுவில் குறையாது என்று எண்ணிவிடக் கூடாது. கடையில் உங்கள் கண்ணாடியை அணிந்தபடியே முழு வீச்சையும் திருப்பிப் பாருங்கள்.

படி 3: வாங்கும் முன் சோதித்தல்

கடையின் உள்ளே நின்று எதிர்ச்சுவரைப் பார்ப்பது சோதனை ஆகாது. ஸ்கோப்பை முக்காலியில் பொருத்தி, வாசலுக்குக் கொண்டுவந்து, இருநூறு மீட்டருக்கு அப்பால் உள்ள பெயர்ப்பலகை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதலில் தாழ்முனையில் பலகையின் எழுத்துகளைக் கூர்மையாகக் குவியுங்கள். பிறகு எழுத்தைக் காட்சியின் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல நகர்த்துங்கள். ஓரத்தில் சற்று மங்குவது இயல்பு. பாதி வழியிலேயே கலங்கினால் அந்த ஐபீஸ் வேண்டாம். அடுத்து வானத்தைப் பின்னணியாகக் கொண்ட மின்கம்பியைப் பாருங்கள். கம்பியின் விளிம்புகளில் ஊதா, பச்சைக் கோடுகள் தடிமனாகத் தெரிந்தால் அது நிறப்பிறழ்ச்சி. நடுவிலும் அது தெரிந்தால் குறை பெரும்பாலும் ஸ்கோப்பில் உள்ளது. ஓரத்துக்குப் போகும்போது மட்டும் கூடினால் ஐபீஸைச் சந்தேகிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை மின்கம்பத்தில் உள்ள பீங்கான் குமிழ்ச் சோதனை. வெயிலில் அந்த வழவழப்பான பீங்கானின் மீது சூரிய ஒளி ஒரு ஊசிமுனைப் புள்ளியாக மின்னும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, அந்தப் புள்ளியை உயர் உருப்பெருக்கத்தில் நடுவே கொண்டுவந்து குவியுங்கள். பிறகு குவியத்தை ஒரு பக்கமாகச் சற்றே கலையுங்கள். புள்ளி விரிந்து, ஒன்றினுள் ஒன்றாக வட்ட வளையங்களாகும். மறுபக்கமாகக் கலைத்தாலும் அவ்வாறே வட்டமாக விரிய வேண்டும். ஒரு பக்கம் நெடுக்காகவும் மறுபக்கம் குறுக்காகவும் நீள்வட்டமாகத் தெரிந்தால் கண்ணாடிகளில் ஏதோ ஒன்று சீராக இல்லை. உங்கள் கண்ணிலேயே அந்தக் குறை இருக்கலாம் என்பதால், தலையைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். நீள்வட்டமும் கூடவே சாய்ந்தால் காரணம் கண், அசையாமல் நின்றால் காரணம் கருவி. அந்தப் புள்ளியை நடுவில் வைத்தபடியே வளையத்தை முழுவதும் திருப்புங்கள். புள்ளி நடுவை விட்டு வெகுதூரம் நழுவினால் லென்ஸ் தொகுதிகள் நேர்க்கோட்டில் நகரவில்லை என்று பொருள்.

வளையம் ஒரே சீரான இறுக்கத்தோடு திரும்ப வேண்டும். ஓரிடத்தில் தளர்ந்து இன்னோரிடத்தில் சிக்கும் வளையம் நாளடைவில் மோசமாகுமே தவிரச் சரியாகாது. பழைய ஐபீஸாக இருந்தால் கைவிளக்கு ஒன்றை ஒரு முனையில் காட்டி மறுமுனையிலிருந்து பாருங்கள். ஓரிரு தூசிகள் பொருட்டல்ல, சிலந்தி நூல் போன்ற கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை.

படி 4: பொருத்துதல்

ஐபீஸைப் பொருத்துவதை வீட்டிலேயே, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஸ்கோப்பின் பின்திறப்பு கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்துப் பிடித்தால் தூசி உள்ளே விழாது. திறப்பின் விளிம்பிலும் ஐபீஸின் விளிம்பிலும் ஊதுகுமிழால் காற்றடித்து, இரண்டிலும் உள்ள குறிப்புள்ளிகளை நேராக வைத்து, பூட்டும் ஓசை கேட்கும்வரை திருப்ப வேண்டும். பூட்டுப் பொத்தானை அழுத்தாமல் திருப்பிப் பார்த்து, அசையவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சில ஜூம் ஐபீஸ்களில் உருப்பெருக்க வளையமும் பூட்டு வளையமும் அடுத்தடுத்து இருக்கும். அவசரத்தில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைத் திருப்பி ஐபீஸைக் கீழே விடுவது நடக்கக்கூடியதே. எனவே முதல் சில நாள்கள் வளையங்களைக் கண்ணால் பார்க்காமல் விரலால் மட்டும் அடையாளம் காணப் பழகுவது நல்லது.

படி 5: முக்காலியை உறுதிப்படுத்துதல்

60 மடங்கில் காட்சியோடு சேர்ந்து ஒவ்வொரு நடுக்கமும் 60 மடங்காகிறது. முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களை மட்டும் நீட்டுங்கள். காற்று வீசினால் கால்களையும் குறைத்துத் தரையில் அமர்ந்து பாருங்கள். வளையத்தைத் திருப்பிய பின் கையை எடுத்துவிட்டு, ஒன்றிரண்டு நொடிகள் அதிர்வு அடங்கக் காத்திருந்து பார்க்க வேண்டும்.

படி 6: கண்ணைச் சரியான இடத்தில் வைத்தல்

கண்ணாடி அணியாதவர்கள் ஐபீஸின் ரப்பர் வளையத்தை முழுவதும் மேலே திருகி வைத்துக்கொள்ள வேண்டும். அணிபவர்கள் முழுவதும் கீழே இறக்கிவிட வேண்டும். காட்சியின் ஓரத்தில் அவரைவிதை வடிவத்தில் கருநிழல் ஒன்று வந்து வந்து போனால், கண் தேவைக்கு மேல் நெருங்கிவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம்; ரப்பர் வளையத்தை ஒரு படி உயர்த்துங்கள். காட்சி குழாய்க்குள் பார்ப்பது போலச் சுருங்கித் தெரிந்தால் கண் தள்ளியிருக்கிறது. மறுகண்ணை இறுக்கி மூடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். இரு கண்களையும் திறந்து வைத்துப் பார்க்கப் பழகினால் முகத்தசை சோராது, நீண்ட நேரம் பார்க்கலாம். தொடக்கத்தில் மறுகண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொள்வது இதற்கு உதவும்.

படி 7: வளையத்தைத் திருப்பும் ஒழுங்கு

ஜூம் ஐபீஸின் பயன் முழுவதும் இந்தப் படியில் அடங்கியுள்ளது. எப்போதும் தாழ்முனையில் தொடங்குங்கள். பறவையை இருநோக்கியில் (பைனாகுலரில்) கண்டு, அதன் அருகில் உள்ள கம்பு, வரப்பு, நீர்வளைவு போன்ற ஓர் அடையாளத்தை நினைவில் வைத்து, ஸ்கோப்பில் அந்த அடையாளத்தை முதலில் பிடியுங்கள். பறவையை நடுவுக்குக் கொண்டுவந்து குவியுங்கள். அதன் பிறகே வளையத்தை மெதுவாகத் திருப்ப வேண்டும். திருப்பும்போது ஒரே கேள்வியை மனத்தில் வையுங்கள்: இப்போது தெரிவதில், சற்று முன் தெரியாத ஏதாவது இருக்கிறதா? இறகின் விளிம்பு, அலகின் நுனி, காலின் நிறம் என ஏதேனும் ஒன்று கூடுதலாகத் தெரியும்வரை திருப்புங்கள். உருவம் பெரிதாவது மட்டும் நடந்தால் அங்கேயே நின்று, சிறிது பின்னால் வந்துவிடுங்கள். பெரும்பாலான நாள்களில் இந்த இடம் 30க்கும் 45க்கும் நடுவில் வரும்.

தாழ்முனையில் கூர்மையாகத் தெரிந்த பறவை மேல்முனைக்குப் போனதும் மங்கினால் உடனே ஐபீஸைக் குறை சொல்ல வேண்டாம். குறைந்த உருப்பெருக்கத்தில் குவிய ஆழம் அதிகம். சிறிய குவியப் பிழையைக் கண்ணே சரிசெய்துகொள்ளும். அதிக உருப்பெருக்கத்தில் அந்தச் சலுகை இல்லாததால் பிழை வெளிப்படுகிறது. ஆகவே மேல்முனைக்குப் போன பின் குவிய வளையத்தை மறுபடியும் நுணுக்கமாகச் சரிசெய்யுங்கள். மேல்முனையில் குவித்துவிட்டுத் தாழ்முனைக்கு இறங்கும்போது, நல்ல ஜூமாக இருந்தால் கூர்மை குலையாது. அப்படியும் குலைந்தால்தான் ஐபீஸில் குறை உண்டு.

பறவைகளைத் தனித்தனியே அடையாளம் காண அவற்றின் காலில் மாட்டும் வளையங்களைப் படிப்பது உயர் உருப்பெருக்கத்துக்கு உரிய வேலைகளில் முதன்மையானது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. வலசைப் பாதையின் பிற நாடுகளில் காலில் எழுத்துகளுடன் கூடிய வண்ணக் கொடி கட்டப்பட்ட பறவைகளும் நம் கரைகளுக்கு வந்து சேர்கின்றன. கொடியில் உள்ள எழுத்தின் உயரம் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கண் மருத்துவரின் பலகையில் கடைசி வரிசைகளைப் படிக்கும் இயல்பான கண்ணுக்கு, ஓர் எழுத்து 5 கலை (ஒரு கலை 60 விகலை) கோணம் பெற்றால் படிக்கலாகும். அந்தக் கணக்கில் வெறுங்கண்ணுக்கு 3.4 மீட்டர், 20 மடங்கில் சுமார் 70 மீட்டர், 60 மடங்கில் சுமார் 200 மீட்டர் வரை அந்த எழுத்து எட்டும். இது சலனமற்ற காற்றுக்கும் அசையாத பறவைக்கும் உரிய கணக்கு. உப்பளத்தில் இதில் பாதி கிடைத்தாலே மகிழ வேண்டும். கொடி எந்தக் காலில் உள்ளது, முட்டிக்கு மேலா கீழா, நிறங்கள் எந்த வரிசையில் உள்ளன என்பவற்றை ஒளி மிகுந்த தாழ்முனையிலேயே குறித்துக்கொண்டு, எழுத்துக்காக மட்டும் மேலே போங்கள். பறவை எழுத்தைக் காட்டாமல் பறந்துவிட்டாலும் நிறவரிசை கையில் இருக்கும். அதுவும் மதிப்புள்ள பதிவே.

ஒன்றையொன்று ஒத்த சிறு கரைப்பறவைகள் இரண்டில், கொசு உள்ளானுக்குக் கால் கருப்பு, டெமிங்க் உள்ளானுக்கு மஞ்சள் கலந்த பச்சை. இந்த வேறுபாட்டைப் பார்க்கத் தொடக்கநிலையினர் உடனே 60 மடங்குக்குப் போய்விடுகிறார்கள். ஒளி குறைந்த 60 மடங்கு உருவத்தில் எந்தக் காலும் கருப்பாகவே தெரியும். சேறு அப்பியிருந்தால் சொல்லவே வேண்டாம். 30 மடங்கில், ஒளி பறவையின் மேல் நேராக விழும் கோணத்தில், அது நீரில் நடந்து கால் கழுவப்பட்ட பின் பார்ப்பதே நம்பத்தக்கது.

படி 8: கானலை அறிந்து நடத்தல்

வெப்பமான நாட்டில் ஸ்கோப்பின் பெரும் எதிரி கானல். சூடான தரையிலிருந்து எழும் காற்றின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதால் ஒளிவிலகலும் கணத்துக்குக் கணம் மாறுகிறது. பறவை கொதிக்கும் நீருக்கு அடியில் நிற்பது போல நெளிகிறது. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் இந்த நெளிவும் சேர்ந்து பெரிதாகுமே தவிர, எவ்வளவு விலையுயர்ந்த ஐபீஸாலும் அதை நீக்க முடியாது. புதிய ஸ்கோப்பை நண்பகலில் முதன்முதலாகத் திறந்து, 60 மடங்கில் மங்கலாக இருக்கிறது என்று வருந்துவோர் பலர் உண்மையில் காற்றைத்தான் பார்க்கிறார்கள். அதே பெயர்ப்பலகையை மறுநாள் விடியலில் பார்த்தால் கருவியின் உண்மைத் தரம் தெரிந்துவிடும்.

செய்யக்கூடியவை இவை. உயர் உருப்பெருக்கம் தேவைப்படும் வேலைகளைச் சூரியன் ஏறும் முன் முடித்துக்கொள்ளுங்கள். மணல், உப்புத்தரை, தார்ச்சாலை ஆகியவற்றின் மேலாகப் பார்ப்பதைத் தவிர்த்து, நீர்ப்பரப்பின் மேலாகப் பார்க்கும் இடத்தைத் தேடுங்கள். வரப்பின் மேடோ கண்காணிப்புக் கோபுரமோ கிடைத்தால், தரையை ஒட்டிய மிகச் சூடான காற்றடுக்கிலிருந்து தப்பலாம். கானல் ஒரே சீராக இருப்பதில்லை. மேகம் மறைக்கும் கணங்களிலும் காற்று மாறும் கணங்களிலும் காட்சி அரை நொடி தெளியும். 30 மடங்கில் பொறுமையாகக் காத்திருப்பவருக்கு அந்த அரை நொடி கிடைக்கும். குளிரூட்டியை ஓடவிட்டுக் காரின் சாளரத்தை இறக்கி அதன் வழியே பார்ப்பது வீண். உள்ளிருந்து வெளியேறும் குளிர்காற்று சாளரத்திலேயே ஒரு கானலை உண்டாக்கிவிடும்.

குளிரூட்டிய அறையிலோ காரிலோ இருந்த ஸ்கோப்பைக் கடற்கரையின் ஈரக்காற்றில் திடீரென்று எடுத்தால் ஐபீஸின் மேல் பனி படியும். அதைத் துடைத்தால் மீண்டும் படியும். மூடியைக் கழற்றாமல், பைக்குள்ளேயே சிறிது நேரம் வெளிவெப்பத்துக்குப் பழகவிட்டு எடுப்பதே வழி.

படி 9: கைப்பேசியால் படமெடுத்தல்

ஸ்கோப்பின் ஐபீஸோடு சிறு கேமராவை இணைத்துப் படமெடுக்கும் முறையை 1999ஆம் ஆண்டு வாக்கில் பரவலாக்கியவர்களுள் மலேசியப் பறவை நோக்குநர் லாரன்ஸ் போ முக்கியமானவர். இன்று கைப்பேசிப் பிடிப்பான்கள் எளிதில் கிடைக்கின்றன. ஜூம் ஐபீஸின் வெளிச்சுற்று வளையத்தைத் திருப்பும்போது சுழன்றால், பிடிப்பானும் கூடவே சுழலும்; ஆதலால் சுழலாத பகுதியைப் பற்றும் பிடிப்பானைத் தேர்ந்தெடுங்கள். தாழ்முனையில் படத்தைச் சுற்றிக் கருவட்டம் விழும். உருப்பெருக்கத்தைச் சற்றுக் கூட்டினாலோ கைப்பேசியிலேயே சிறிது பெரிதாக்கினாலோ அது மறையும். அதற்கு மேல் கூட்டாதீர்கள். ஒளி குறைந்தால் கைப்பேசி ஒளிப்பதிவு நேரத்தை நீட்டி, படம் கலங்கும். இரண்டு நொடித் தாமதத்தை வைத்து, திரையைத் தொட்ட அதிர்வு அடங்கிய பின் படம் விழும்படி செய்யுங்கள். சூரியனை நோக்கி ஸ்கோப்பைத் திருப்புவது கண்ணுக்கும் கைப்பேசிக்கும் ஒருபோதும் கூடாது.

படி 10: பராமரித்தல்

ஐபீஸின் வெளிக்கண்ணாடியில் இமை மயிரின் எண்ணெய்ப்பசையும் வியர்வையும் எப்போதும் படிந்துகொண்டே இருக்கும். மேல்துண்டாலோ சட்டை நுனியாலோ துடைப்பது மேற்பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதுகுமிழ், அடுத்து மென்தூரிகை, அதன் பின்னரே லென்ஸ் துடைக்கும் திரவம் சில துளிகள் தொட்ட மைக்ரோஃபைபர் துணி என்ற வரிசை மாறக்கூடாது. திரவத்தைத் துணியில் விட வேண்டும். கண்ணாடியின் மேல் நேராக விட்டால் விளிம்பின் வழியே உள்ளே கசியும். கடற்கரையிலிருந்து திரும்பியதும், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தையும் வளையங்களின் வரிகளையும் துடைத்து உப்பை எடுங்கள். வளையம் இறுகினால் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் லென்ஸ்களின் மேல் படர்ந்தால் பழுதுநீக்கும் செலவு ஐபீஸின் விலையை நெருங்கும்.

நம் கடலோர ஊர்களில் ஐபீஸைக் கெடுப்பதில் முதலிடம் பூஞ்சைக்கே. தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதை விட, வாரம் ஒருமுறை வெளியில் எடுத்துப் பயன்படுத்துவது நல்லது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருங்கள். சிறிய ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டிக்குள் போட்டுவைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை. ஜெல்லின் நிறம் மாறியதும் அதை மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். உள்ளே நூல்போன்ற வளர்ச்சி தெரிந்துவிட்டால் ஐபீஸை நீங்களாகத் திறக்க வேண்டாம். ஜூம் தொகுதிகளின் நிலை ஒருமுறை குலைந்தால், வீட்டில் அதை மறுபடி நேர்ப்படுத்த வழியில்லை. பூஞ்சை பிடித்த ஐபீஸை மற்ற லென்ஸ் கருவிகளோடு சேர்த்து வைக்காமல் தனியாக ஓர் உறையில் இட்டு, தாமதிக்காமல் தயாரிப்பாளரின் பழுதுநீக்கும் நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள். பூஞ்சை மேற்பூச்சை அரிப்பதற்கு முன் துடைத்துவிட்டால் தழும்பில்லாமல் மீட்க வாய்ப்புண்டு.